கடலில் ராத்தங்கல்

1877ஆம் ஆண்டு பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் ரிச்சர்ட் டரல் மக்மல்லன் தன் படகு வேலையாட்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். மக்மல்லன் லண்டனில் பங்குத் தரகர். படகின் பெயர் ஓரியன், 19 டன். ஆட்கள் சோம்பேறிகள், சொன்ன பேச்சு கேட்பதில்லை என்பது அவர் கட்சி. ஆட்களின் கட்சி என்ன என்று நமக்குத் தெரிய வழியில்லை. புத்தகம் எழுதியவர் மக்மல்லன்தான். வேலையாட்களை வைத்துக் கையாளும் படகைத் தனியாளாக இங்கிலாந்துக்கு ஓட்டிவந்து, அடுத்த ஆண்டே அந்தக் கதையை அச்சிலும் போட்டுவிட்டார். 19 டன் படகில் தனியே போக நேர்ந்தது எப்படி என்பதுதான் அதன் தலைப்பே.

காற்று ஒத்துழைத்தால் பாய்ப்படகை ஒரே ஆள் பகல் முழுக்க ஓட்டிவிடலாம். சுக்கானைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டுத் தேநீர் போடக்கூட நேரம் கிடைக்கும். பொழுது சாயும்போதுதான் வயிற்றில் புளி கரைக்கிறது. கரையை ஒட்டிப் போகிறவர் இருட்டில் தொடர்ந்து போனால் பாறையிலோ மணல்திட்டிலோ ஏறிவிடுவார். நடுக்கடலுக்கு விலகிப் போனால் தூக்கம் கிடையாது. மக்மல்லனே கூட, புயல் வந்தால் துறைமுகம் தேடி ஓடாமல் கரையைவிட்டு விலகி இருப்பதே மேல் என்று வாதாடியவர். படகை உடைப்பது தண்ணீரைவிடக் கரைதான் என்பது கடலோடிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆகவே கரையோரமாகப் பாய்விரித்துச் சுற்றுவது என்ற பொழுதுபோக்கின் வரலாறு, எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்ற கேள்வியின் வரலாறாகவே இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வக்கீல்களும் மருத்துவர்களும் குமாஸ்தாக்களும் சனிக்கிழமை மதியம் படகேறத் தொடங்கியதற்குத் திடீரென்று துணிச்சல் பெருகியது காரணமில்லை. ஓரிரவு கடலில் தங்குவது ஒரு மனிதனின் கைக்கு அடங்கும் வேலையாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தைச் செய்தவர்களில் பலர் இன்பப் படகில் கால் வைக்காதவர்கள்.

பணக்காரர்களுக்கு இந்தக் கவலை எப்போதும் இருந்ததில்லை. 1660இல் அரியணை ஏறிய இரண்டாம் சார்லஸுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரம் ‘மேரி’ என்ற உல்லாசப் படகைப் பரிசாக அனுப்பியது. மறு ஆண்டே அவரும் தம்பி ஜேம்ஸும் தேம்ஸ் நதியில் பந்தயம் கட்டிப் படகு விட்டார்கள். 1815இல் லண்டனில் பிரபுக்கள் கூடித் தொடங்கிய யாட் கிளப்பிலும் படகு ஓட்டுவது என்றால் ஓட்டச் சொல்வது என்றே பொருள். 1876–77இல் பணக்காரக் குடும்பத்து ஆனி பிராஸி உலகைச் சுற்றிய ‘சன்பீம்’ கப்பலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நங்கூரம் எப்படி இறங்குகிறது, எப்படி ஏறுகிறது என்று எசமானர் எட்டிப் பார்க்கவேண்டிய தேவையே வந்திருக்காது.

கரையோரத்தில் இரவு தங்குவதன் அசல் ஆபத்தை அறிய டீல் ஊருக்குப் போகவேண்டும். கென்ட் மாவட்டத்துக் கூழாங்கல் கரை அது. எதிரே சில மைல் தள்ளிக் கடலுக்குள் குட்வின் மணல்திட்டு பத்து மைல் நீளத்துக்குக் கிடக்கிறது. கரைக்கும் திட்டுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பரப்புக்கு டவுன்ஸ் என்று பெயர். லண்டனிலிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல்கள் ஏதுவான காற்று கிடைக்கும்வரை நங்கூரம் போட்டு இங்கேதான் காத்துக்கிடக்கும். இந்தியாவுக்கு வந்த கப்பல்களும் அப்படிக் காத்திருந்தவைதான். சில சமயம் நூற்றுக்கணக்கில் வாரக்கணக்காக நின்றிருக்கின்றன. மேற்குக் காற்றை ஊர் மறைக்கும். கிழக்கு அலையின் வேகத்தை ஓரளவு திட்டு குறைக்கும். ஆனால் நங்கூரம் பிடி விட்டால் அதே திட்டுதான் எமன்.

1703 நவம்பர் கடைசியில் வீசிய பெரும்புயலில் அந்த எமன் வந்தான். நார்தம்பர்லண்ட், ரெஸ்டோரேஷன், ஸ்டெர்லிங் காசில், மேரி ஆகிய நான்கு போர்க்கப்பல்கள் நங்கூரத்தோடு இழுபட்டுக் குட்வின் திட்டில் நொறுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஒரே இரவில் போய்ச்சேர்ந்தார்கள். தண்ணீர் வற்றியபோது திட்டின்மேல் ஏறி நின்று கையசைத்தவர்களைக் கரையிலிருந்த டீல்காரர்கள் காப்பாற்றாமல், மிதந்துவந்த சரக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்ததாக டேனியல் டிஃபோ மறு ஆண்டு வெளியிட்ட புத்தகத்தில் சாடினார். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. நியாயமும் கொஞ்சம் அவர்கள் பக்கம் இருந்தது. படகை இறக்கி ஆட்களை மீட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

டீல் படகோட்டிகளின் பிழைப்பே நங்கூரத்தைச் சுற்றித்தான் நடந்தது. புயலில் வடம் அறுந்த கப்பல் அடுத்த நங்கூரம் இல்லாமல் தத்தளிக்கும். இவர்கள் கரையில் நங்கூரங்களையும் வடங்களையும் அடுக்கிவைத்திருப்பார்கள். டன் கணக்கில் கனக்கும் நங்கூரத்தைப் படகில் ஏற்றிக் கூழாங்கல் சரிவில் அலைக்குள் சறுக்கிவிட்டு, கொந்தளிப்பில் கப்பலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பேரம் அங்கேயே நடக்கும். மூழ்கப்போகிறவரிடம் பேரம் பேசினால் விலை எங்கே நிற்கும்? கூலி வழக்குகள் நீதிமன்றம்வரை போயின. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு காற்றுக்காகக் காத்திருக்கும் அவசியம் போயிற்று. டவுன்ஸ் காலியானது, அந்தப் பெரிய படகுகளும் மறைந்தன. உயிரைப் பணயம் வைத்துச் செய்த தொழிலுக்கு ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் நங்கூரத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிந்திருக்காது.

சோழமண்டலக் கரையோடு ஒப்பிட்டால் டவுன்ஸ் கூடச் சொர்க்கம்தான். சென்னைக்கு எதிரே கப்பல்கள் திறந்த கடலில் நின்றன. ஒதுங்க ஒரு மூலைகூடக் கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் புயல் அறிகுறி தென்பட்டால் வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே வழி. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சில வாரங்களிலேயே, அக்டோபர் புயலில், தன் கப்பல்களில் பலவற்றை இழந்தார். கோட்டையைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. எதிரே கப்பலை நிறுத்துவது முடியவில்லை. இன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப் எனப்படும் சங்கத்தை 1911இல் தொடங்கியவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணிதமேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தது இவரிடம்தான். செயற்கைத் துறைமுகம் கட்டிய பிறகே இங்கே பொழுதுபோக்குப் பாய்ப்படகுக்கு இடம் பிறந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மீண்டும் இங்கிலாந்து. முதல் பெரிய மாற்றம் வடத்தில் வந்தது. பாய்க்கப்பல் காலத்து வடம் சணலால் முறுக்கியது. நெல்சனின் ‘விக்டரி’ கப்பலின் நங்கூர வடம் 24 அங்குலச் சுற்றளவு. அதை இழுத்து நங்கூரத்தைத் தூக்க நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுழல் உருளையைத் தள்ளவேண்டும். நனைந்த சணல் கப்பலின் அடித்தட்டில் கிடந்து நாறும், உளுக்கும். பாறைமேல் உரசினால் ஒரே இரவில் இற்றுப்போகும். கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் இரும்புச் சங்கிலியை வடமாக்கும் முறைக்கு 1808இல் காப்புரிமை வாங்கினார். சங்கிலியில் நம்பிக்கை வைத்தவர் அதைக் கொண்டே 1820இல் ட்வீட் நதியின்மேல் பாலமும் கட்டினார். யூனியன் பாலம் இன்றும் நிற்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் கப்பல் போய்விடும் என்பதால், சோதித்த பிறகே விற்கவேண்டும் என்று 1864இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

சங்கிலிக்கு உறுதியைத் தாண்டி வேறொரு குணம் இருக்கிறது. அது கனமாகக் கடலடியில் படிந்து கிடக்கும். படகு காற்றில் பின்னுக்கு இழுக்கும்போது முதலில் தரையிலிருந்து சங்கிலியைத்தான் தூக்கவேண்டும். அதுவரை நங்கூரத்துக்கு இழுப்பு கிடையாகவே வரும். கிடையாக இழுத்தால் நங்கூரம் மண்ணுக்குள் ஆழமாகப் போகும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். ஆழத்தைப்போல மூன்று மடங்கு சங்கிலி விடு என்ற கணக்கு இதிலிருந்து பிறந்தது. கயிறானால் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ தேவைப்படும். இந்தக் கணக்கு தெரிந்தவருக்குச் சின்னப் படகில் சின்ன நங்கூரமே போதும்.

அடுத்தவை காகிதங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் நீரளவை அலுவலகம் 1795இல் தொடங்கியது. 1821 முதல் அதன் வரைபடங்களைப் பொதுமக்களும் காசு கொடுத்து வாங்கலாம். 1833 முதல் ஓத அட்டவணைகள் வந்தன. கப்பலோட்டிகளின் பரம்பரை ரகசியமாக இருந்த கரையின் அடிமண்ணும் ஆழமும் அச்சில் ஏறிவிட்டன. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதை அடுத்து, ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். டார்வினை ஏற்றிச்சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவர் அவரேதான். துறைமுகக் கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏறும்: முனை மேலே இருந்தால் வடக்குப் புயல், கீழே இருந்தால் தெற்குப் புயல். நம்மூர்த் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றும் பழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ரயிலையும் மறக்கக்கூடாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் படகு எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேயே ஒரு ஓடையில் கட்டிப்போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை ரயிலில் அலுவலகம் போகலாம். அடுத்த வாரம் விட்ட இடத்தில் தொடரலாம்.

இவற்றோடு ஒரு வழக்கும் சேர்ந்தது. விட்ஸ்டபிள் கரையில் சிப்பி வளர்க்கும் மீனவர் கழகம் ஒன்று இருந்தது. தங்கள் எல்லைக்குள் நங்கூரம் போடும் ஒவ்வொரு கப்பலிடமும் அது கட்டணம் கேட்டது. கான் என்ற படகுக்காரர் தர மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. 1865இல் தீர்ப்பு: கடலடி யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், கடலில் போகும் உரிமை எல்லோருக்கும் பொது, வழியில் நங்கூரம் போட்டு நிற்பது அந்த உரிமையின் ஒரு பகுதி, துறைமுகம்போல வசதி எதுவும் செய்துதராமல் வெறுமனே நின்றதற்குக் கட்டணம் கேட்க முடியாது. கான் ஒன்றும் பொழுதுபோக்குக் கடலோடி இல்லை. சரக்கு ஏற்றிப் பிழைத்தவர். ஆனால் அவர் ஜெயித்ததில் பின்னால் வந்த பொழுதுபோக்குக் கூட்டம் பூராவும் இலவசமாகத் தூங்கியது.

அந்தக் கூட்டத்தின் முன்னோடி ஜான் மக்கிரகர். தேர்ச்சி பெற்ற வக்கீல், பக்தர், துண்டுப் பிரசுரம் விநியோகிப்பதில் சளைக்காதவர். 1867 கோடையில் 21 அடி நீளமுள்ள ‘ராப் ராய்’ என்ற படகில் தனியாகத் தேம்ஸில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரெஞ்சுக் கரையோரமாகவே போய், சேன் நதியில் ஏறிப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. அந்தப் படகில் ஒரு மனிதன் நீட்டிப் படுக்க ஓர் இடுக்கும், சமைக்க ஒரு சின்ன அடுப்பும் இருந்தன. படகு என்பது வேலையாட்களோடு கூடிய மிதக்கும் மாளிகை என்ற எண்ணத்தை இது குலைத்தது. இரண்டே ஆண்டில், 1869இல், எட்வர்ட் மிடில்டன் என்ற முன்னாள் இந்திய ராணுவ அதிகாரி ‘கேட்’ என்ற சிறு படகில் தனியாக இங்கிலாந்தைச் சுற்றினார். வடக்கே ஸ்காட்லாந்தின் தலையைச் சுற்றாமல் இடையிலுள்ள கால்வாய் வழியாகக் கடந்துகொண்டார். புத்திசாலித்தனம்தான்.

மாலையில் ஒரு குடாவுக்குள் நுழைகிற இத்தகைய ஆள் என்ன செய்தார் என்று பார்க்கலாம். முதலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசுவார். கயிற்றில் குறிப்பிட்ட பாக அளவுகளில் (பாகம் என்றால் ஆறடி) தோல் துண்டோ துணியோ அடையாளமாகக் கட்டியிருக்கும், இருட்டிலும் விரலால் தடவி ஆழம் சொல்லிவிடலாம். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பியிருப்பார். மேலே இழுத்தால் கொழுப்பில் கடலடி ஒட்டிக்கொண்டு வரும். களிமண்ணா, மணலா, சிப்பித் தூளா என்று பார்த்து, வரைபடத்தில் அச்சான எழுத்தோடு ஒப்பிடுவார். எதுவுமே ஒட்டாமல் கொழுப்பில் தழும்பு மட்டும் இருந்தால் கீழே பாறை, வேறிடம் பார்க்கவேண்டும். களி கிடைத்தால் நிம்மதி.

பிறகு மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்புவார். படகு வேகம் செத்து நின்று பின்னால் நகரத் தொடங்கும் கணத்தில் நங்கூரத்தை இறக்குவார். எறியக்கூடாது, எறிந்தால் சங்கிலி அதன்மேல் குவிந்து, நங்கூரத்தின் நகத்தில் சுற்றிக்கொள்ளும். படகு பின்னே போகப் போகச் சங்கிலியை விட்டுக்கொடுப்பார். பிறகு கணக்கு. ஏற்றமும் வற்றமும் நம் கரையில் சின்ன விஷயம்; சென்னையில் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். பிரிஸ்டல் கால்வாயில் 14 மீட்டர்வரை போகும். தேம்ஸ் முகத்துவாரத்தில் நாலைந்து மீட்டர். மாலையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது ஆழம் 2 பாகம் என்று 6 பாகம் சங்கிலி விட்டுத் தூங்கியவருக்கு, நள்ளிரவில் ஓதம் ஏறி ஆழம் நாலரைப் பாகமானால் சங்கிலி மேல்நோக்கி இழுக்கும், நங்கூரம் கிளம்பிவிடும். அவர் விட்டிருக்கவேண்டியது பதிமூன்றரைப் பாகம். அவ்வளவு விட்டால் படகு சுழலும் வட்டம் பெரிதாகும். அந்த வட்டத்துக்குள் வேறு படகோ பாறையோ இருக்கக்கூடாது.

கடைசியாகக் கரையில் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் ஒரு மரத்தையும் நேர்கோட்டில் பிடித்து மனதில் குறித்துக்கொள்வார், கோடு விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். இருட்டில் சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிடித்து நிற்கும் சங்கிலி அமைதியாக இருக்கும். கடலடியில் உரசி இழுபடுவது அதிர்வாகக் கைக்கு ஏறும். 1863இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து வகுத்த கடல் விதிகளின்படி, பொழுது அடைந்ததும் எண்ணெய் விளக்கு ஒன்றைப் படகின் முன்கயிற்றில் ஏற்றிக் கட்டவேண்டும். நாலு திசைக்கும் தெரியும் வெள்ளை வெளிச்சம். அது அணைந்தால் இருட்டில் வரும் சரக்குப் படகு மேலே ஏறிவிடும்.

1880இல் ஆர்தர் அண்டர்ஹில் என்ற இளம் வக்கீல் குரூசிங் கிளப்பைத் தொடங்கினார். 1902இல் அதன் பெயரில் ராயல் சேர்ந்தது. பந்தயம் வேண்டாம், பயணம்தான் என்று வந்தவர்களின் கூட்டம் இது. எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர், எந்தக் குடாவில் நங்கூரம் பிடிக்கும் என்று உறுப்பினர்கள் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டார்கள். அறக்கட்டளைச் சட்டம் படித்த நம்மூர் வக்கீல்களுக்கு அண்டர்ஹில் பெயர் தெரிந்திருக்கும். புதுப்பித்த பதிப்புகளாக இன்றும் வருகிற அந்தத் தடித்த புத்தகத்தை எழுதியவர் இவரேதான். கண் மருத்துவமனையில் சிவப்பு, பச்சை, வெள்ளை நிறங்களில் நான்கு புள்ளிகளைக் காட்டி எத்தனை தெரிகிறது என்று கேட்பார்களே, அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கிளாட் வொர்த், இதே சங்கத்தின் தூண்களில் ஒருவர். 1910இல் அவர் எழுதிய ‘யாட் குரூசிங்’ நூல் ஒரு தலைமுறைக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. பகலில் மாறுகண்ணைத் திருத்தியவர் விடுமுறையில் நங்கூர எடைக்கும் படகு நீளத்துக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிராங்க் கூப்பர் என்பவர் பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி, இங்கிலாந்து, அயர்லாந்து, பிரிட்டனி கரைகளைப் பெரும்பாலும் தனியாகவே சுற்றி, 1892க்கும் 1896க்கும் இடையே ஐந்து பாகங்களாக ‘செய்லிங் டூர்ஸ்’ வெளியிட்டார். கரையில் எங்கே ராத்தங்கலாம் என்பதற்கு முதல் முறையான வழிகாட்டி என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

தண்ணீரே இல்லாமல் தங்குவது இன்னொரு வகை. தட்டையான அடியுள்ள படகை ஓதம் வற்றும்போது சேற்றிலோ மணலிலோ உட்காரவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மிதந்து போய்விடலாம். நாடாளுமன்றக் கீழவையில் எழுத்தராக இருந்த எர்ஸ்கின் சில்டர்ஸ், பழைய உயிர்காப்புப் படகை மாற்றியமைத்த ‘விக்ஸன்’ என்ற அழகற்ற படகில் 1897இல் வடகடலின் ஃபிரிசியன் தீவுகளுக்குப் போனார். தீவுகளுக்குப் பின்னால் மைல்கணக்கில் விரியும் மணல்வெளியில் தண்ணீர் ஒரு வேளை இருக்கும், ஒரு வேளை இருக்காது. அந்த அனுபவத்திலிருந்து 1903இல் வந்த நாவல் ‘த ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்’, அந்தத் திட்டுகளின் மறைவில் ஜெர்மனி படையெடுப்புக்குத் தயாராகிறது என்ற துப்பறியும் கதை. ஓத அட்டவணை கதாநாயகனுக்குச் சமமாக நடித்த நாவல் அதற்குமுன் வந்ததாகத் தெரியவில்லை. சில்டர்ஸ் 1914இல் தன் ‘அஸ்கார்ட்’ படகில் அயர்லாந்து விடுதலை வீரர்களுக்குத் துப்பாக்கிகள் கொண்டுபோனதும், 1922இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரில் அவரே சுட்டுக்கொல்லப்பட்டதும் தனிக் கதை.

படித்தவர்கள் தாங்களே நங்கூரம் தூக்கக் கற்றுக்கொண்டபோது, கூலிக்குத் தூக்கியவர்கள் என்ன ஆனார்கள்? எசெக்ஸ் கரையின் டோல்ஸ்பரி, பிரைட்லிங்சி, விவன்ஹோ ஊர்களின் மீனவர்கள் கோடையில் பணக்காரர் படகுகளில் வேலைக்குப் போவார்கள், குளிர்காலத்தில் மீனுக்கும் சிப்பிக்கும் திரும்புவார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பெரிய படகுகளின் காலம் மங்கியதும் கோடை வருமானம் சுருங்கியது. பொழுதுபோக்குக் கடலோடிகளின் புத்தகங்களில் இம்மனிதர்கள் சோம்பேறிகளாகவோ வேடிக்கை மனிதர்களாகவோ வந்துபோகிறார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களில் இருக்கும் அடிமண் ஞானத்தில் பாதி இவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது என்றே எண்ணத் தோன்றுகிறது.

1937இல் ஆர்தர் ரான்ஸம் எழுதிய சிறுவர் நாவல் இந்தக் கலையின் மிக எளிய பிழையை எடுத்துக்கொண்டது. ஹார்விச் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட ‘காப்ளின்’ படகில் நான்கு பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள். மூடுபனி. ஓதம் ஏறுகிறது, சங்கிலி போதவில்லை, நங்கூரம் கிளம்புகிறது. மூத்தவன் ஓடிப்போய் இன்னும் சங்கிலி விடப் பார்க்கிறான். அது கட்டுக்கு அடங்காமல் முழுவதும் ஓடிக் கடலுக்குள் போய்விடுகிறது. படகு அவர்களைச் சுமந்துகொண்டு ஹாலந்துக்கே போய்ச் சேருகிறது. ரான்ஸம் கதைக்காகத் தன் ‘நான்சி பிளாக்கெட்’ படகில் அதே வழியில் கடலைக் கடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். பிள்ளைகளின் துணிச்சலைப் பாராட்டிப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் விடவேண்டிய சங்கிலியை எண்ணிப் பார்ப்பவர்தான் நல்ல வாசகர்.

நங்கூரத்தின் வடிவம் மட்டும் நூற்றாண்டுகளாக அதிகம் மாறாமலே இருந்தது: ஒரு தண்டு, அடியில் இரண்டு கைகள், மேலே குறுக்குக் கட்டை. ஒரு கை மண்ணில் இறங்கும்போது மற்றது மேலே நீட்டிக்கொண்டிருக்கும். படகு ஓதத்தோடு சுழன்றால் சங்கிலி அதில் சுற்றிப் பிடுங்கிவிடும். பிடி வேண்டுமென்றால் எடையைக் கூட்டவேண்டும், எடையைக் கூட்டினால் முதுகு முறியும். இதைத் தீர்த்தவர் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர், கணித தர்க்கத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் பூலின் பேரன். பாய்மங்கள் ஓடும் விதத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் அவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. 1927இல் அவரும் மனைவி ஸ்டெஃபனியும் ‘ஃபிராலிக்’ படகில் நார்வேயின் வடபகுதியிலுள்ள லோஃபோடன் தீவுகள்வரை போய்வந்து, ராயல் குரூசிங் கிளப்பின் கோப்பையை வாங்கினார்கள். கனத்த நங்கூரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து அலுத்தவர், 1933இல் ஏர்க்கொழு வடிவத்தில் புது நங்கூரம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். எப்படி விழுந்தாலும் இழுக்க இழுக்கத் தானே புரண்டு மண்ணுக்குள் இறங்கும்; மேலே நீட்டிக்கொண்டிருக்க எதுவும் கிடையாது. கடல்விமானங்களை நிறுத்த இலேசான நங்கூரம் வேண்டும் என்பதும் அவர் மனதில் இருந்தது. சி.கியூ.ஆர். என்ற பெயரில் விற்ற அதைப் பாய்ப்படகுகளின் முன்முனையில் இன்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் உருவாக்கிய தட்டை நங்கூரம் இரண்டாம் உலகப் போரில் கரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்டது; கரைமேல் ஏறிய படகு பின்பக்க நங்கூரத்தைப் பிடித்துத் தன்னைத் தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

போருக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின, மிதவை மேடைகளும் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள படகுத்துறைகள் முளைத்தன. ராத்தங்கல் என்பது வாடகைக்கு இடம் பிடிப்பதாக மாறியது. ஆனாலும் காசு கொடுக்காமல் குடாவில் நிற்கும் பழக்கம் சாகவில்லை. தென்கரையில் டார்செட்டின் ஸ்டட்லண்ட் குடா அப்படியோர் இடம். தென்மேற்குக் காற்றுக்கு மறைவு, அடியில் நல்ல மணல். அந்த மணலில் கடற்புல் வளர்கிறது, புல்லில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. நங்கூரம் மண்ணைக் கிளறுகிறது. சுழலும் படகின் சங்கிலி புல்லை வேரோடு வழித்துவிடுகிறது. சங்கிலியை நீளமாக விடு என்று நூறாண்டுகளாகச் சொல்லிவந்த அறிவுரையே இங்கே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. 2019இல் குடா கடல்வளப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2021 டிசம்பரிலிருந்து அதன் ஒரு பகுதியில், தாமாக முன்வந்து நங்கூரம் போடாதிருக்கும்படி படகோட்டிகளைக் கேட்டுக்கொண்டார்கள். கடலடியில் திருகாணிபோல இறக்கிய கம்பியில் மிதவைகளைக் கட்டி, நங்கூரத்துக்குப் பதில் அவற்றில் கட்டிக்கொள்ளவும் ஏற்பாடு வந்தது.

படகோட்டிகள் 1865 தீர்ப்பை நினைவூட்டாமல் விடவில்லை. புயலில் ஒதுங்க இந்தக் கரையில் வேறு இடம் குறைவு என்றும் வாதாடினார்கள். இது உல்லாசப் பேச்சில்லை. தென்மேற்கிலிருந்து காற்று முற்றும் இரவில் அங்கே ஒதுங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோரிக்கை கோரிக்கையாகவே இருக்கிறது, தண்டனை கிடையாது. ஆபத்து நேரத்தில் நங்கூரம் போடுகிறவரை அது தடுப்பதும் இல்லை.